ஓலை வாசித்த ஞாயிறும் நான்கு பாஷையும்

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பிரசங்கத்தை நான் கேட்கவில்லை. சித்தூரில் எங்கள் சபையில் அன்று உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். வெளியே வந்து ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். பேசியவனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

எனக்கு ஃபிட்ஸ் உண்டு. பதினோரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். ஃபிட்ஸ் என்றால் கீழே விழுந்து, கை கால் இழுத்து, நுரை தள்ளுவது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிக்க ஓடி வருவார்கள். எனக்கு வருவது அந்த ரகம் இல்லை. நின்ற இடத்தில் நின்றபடி கண் நிலைத்துவிடும். வாய் எதையோ மெல்லும். வலது கை சட்டையின் மேல் எதையோ எழுதும். பிறகு பேச ஆரம்பிப்பேன். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். அது முடிந்து, நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே புரியக் கால் மணி நேரம் ஆகும். பேசியதில் ஒரு சொல்கூட ஞாபகம் இருக்காது.

வேலை திருப்பதியில். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன். திங்கள் காலை போனால் சனி சாயங்காலம் சித்தூர் திரும்புவேன். மிஷன் காலத்திலிருந்து சபையில் இருக்கிற குடும்பம், பெருமாள் பக்தர்களுக்கு ரூம் போட்டுப் பிழைக்கிறது. சபையில் யாராவது கேட்டால் என் மனைவி, "ஓட்டல் லைன்ல இருக்காரு" என்று முடித்துக்கொள்வாள்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்த மேஜை எனக்குத் தெலுங்கு, இந்தி, கன்னடம், இங்கிலீஷ் நான்கையும் கற்றுக்கொடுத்திருக்கிறது. கற்றுக்கொடுத்தது என்றால் நான்கிலும் அதே பத்து வாக்கியம். உட்காருங்கள். எத்தனை பேர்? ஆதார் கொடுங்கள். வெந்நீர் காலையில் மட்டும். இதில் "எத்தனை பேர்" என்பதுதான் உயிர்நாடி. எட்டுப் பேர் வந்து மூன்று பேர் என்பார்கள். மீதி ஐந்து பேர் எதிர்க்கடையில் டீ குடிப்பதுபோல நிற்பார்கள். சாமி பார்க்க வந்த இடத்தில் முதல் வேலையாக ஒரு பொய். அதை நோட்டில் எழுதிக்கொள்வது என் உத்தியோகம். நாங்கள் மட்டும் என்ன யோக்கியம் என்பது பின்னால் வருகிறது.

ஃபிட்ஸ் வந்தால் இந்தப் பத்து வாக்கியம்தான் வாயில் வரும். தெலுங்கு வரும், இந்தி வரும், கன்னடம் வரும், இங்கிலீஷ் வரும். பிறந்ததிலிருந்து வீட்டில் பேசுகிற தமிழ் மட்டும் வராது. ஒரு தடவை லாட்ஜ் மேஜையிலேயே வந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஐந்து தடவை எத்தனை பேர் என்று கேட்டேனாம். அவர்களும் ஐந்து தடவை பொறுமையாகப் பதில் சொன்னார்களாம். திருப்பதியில் இப்படித்தான் கேட்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். நோட்டில் கோடு கோடாகக் கிறுக்கிச் சாவியும் கொடுத்திருக்கிறேன். விஷயம் தெரிந்ததும் முதலாளி கோபிக்கவில்லை. "அன்னைக்குத்தான்பா நீ கஸ்டமர்ட்ட மரியாதையா பேசின" என்றார்.

இதை எந்த பாஷையில் பேசுகிறேன் என்று கேட்ட முதல் டாக்டர், திருப்பதியில் நான் இப்போது பார்க்கிற டாக்டரம்மாதான். மற்றவர்கள் எத்தனை நிமிடம் என்று கேட்டு மாத்திரையைக் கூட்டுவார்கள். அந்த அம்மா சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இதுதான்: அந்த நேரத்தில் நீங்கள் யோசித்துப் பேசவில்லை, ஆயிரம் தடவை சொல்லித் தேய்ந்த பேச்சு தானாக வருகிறது. பல பாஷை பேசுகிறவர்களில் சிலருக்குப் பின்னால் கற்றுக்கொண்ட பாஷைதான் அப்போது வரும், தாய்ப்பாஷை வராது. ஏன் என்று எங்களுக்கும் முழுசாகத் தெரியாது என்றும் சொன்னார். தெரியாது என்று சொல்கிற டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

என் மனைவி உடனே தன் குறையைச் சொன்னாள். "இருவத்தஞ்சு வருசத்துல என்னைப் பாத்து ஒரு வாட்டி உக்காருன்னு சொன்னதில்ல டாக்டர். மயக்கம் வந்தா மட்டும் கூர்ச்சோண்டி மேடம்ன்றாரு. அடிக்கடி வந்தாகூட நல்லாதான் இருக்கும்." சொல்லி முடித்து அவளே அழுதாள். நான் கூரையில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தடவை வந்தால் போனில் வீடியோ எடுத்து வாருங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். மனைவி எடுத்தாள், காட்டினாள். நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

சென்ற வருடம் மகளுக்கு வரன் அமைந்தது. மகள் சித்தூரிலேயே ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். பையனுக்கு ரேணிகுண்டாவில் ஒர்க்‌ஷாப் வேலை, வீடு திருப்பதியில். நல்ல பையன், பேச்சு குறைவு. பேச்செல்லாம் அவன் அம்மாவுக்குப் போய்விட்டது. அந்த அம்மா ஞாயிறு காலை எங்களைப் போல அமைதியான சபைக்குப் போவார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போவார். அங்கே பரிசுத்த ஆவி இறங்கி அந்நிய பாஷை பேசுவார்கள், கீழே விழுவார்கள், எழுந்து சாட்சி சொல்வார்கள். எங்கள் சபையில் ஒருவர் கொஞ்சம் சத்தமாக ஆமென் சொன்னாலே முன்வரிசை திரும்பிப் பார்க்கும்.

என் ஃபிட்ஸை அவர்களிடம் சொல்லவில்லை. நான் சொல்லலாம் என்றேன். மனைவி விடவில்லை. "பரம்பரை வியாதின்னு சொல்லுவாங்க. பொண்ணு கழுத்துல தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்றாங்க, நாம ஒண்ணே ஒண்ணுதான சொல்றோம்." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மகளை யாரும் கேட்கவில்லை.

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் தெரிவிக்கலாம் என்று குருவானவர் அறிவித்துவிட்டுச் சற்று நிறுத்துவார். எனக்குத் தெரிந்து அந்த இடைவெளியில் யாரும் வாய் திறந்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொள்ளவும் கைக்குழந்தையைத் தோள் மாற்றவும் அந்த நேரம் பயன்படும்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு பையன் வீட்டாரும் சித்தூர் வந்திருந்தார்கள். அவசரத்தில் காலை மாத்திரையை விட்டுவிட்டேன். குருவானவர் நிறுத்திய அந்த இடைவெளியில் நான் எழுந்து நின்றேனாம்.

தெலுங்கில் "எந்த மந்தி?" என்று கேட்டேனாம். யாரும் பதில் சொல்லாததால் இந்தியில் "கித்னே லோக்?" என்றேனாம். பிறகு கன்னடத்தில், பிறகு இங்கிலீஷில். நான்கிலும் அதே கேள்விதான், எத்தனை பேர்? கை சட்டையில் எழுதிக்கொண்டே இருந்ததாம். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அவளை மேடம் என்று கூப்பிட்டு உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு நினைவு வந்தபோது ஆலயத்தின் பக்கத்து அறையில், கையில் சோடாவோடு உட்கார்ந்திருந்தேன். எதிரே சபைக் கமிட்டி. செயலாளர் ஓய்வுபெற்ற தெலுங்கு வாத்தியார். மினிட்ஸ் நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தார்.

"ஓலை வாசிக்கும்போது யார் எந்திரிச்சி பேசினாலும் அது தடைதான் ஐயா. பதிவு பண்ணி விசாரிக்கணும். பொண்ணோட நைனாவே தடை சொல்லிக்கிறாரு" என்று குருவானவரிடம் சொன்னார்.

"என்னா தடைன்னு சொன்னாரு?" என்றார் குருவானவர். பசி நேரம்.

"தெலுங்குல எத்தனை பேருன்னு கேட்டாரு."

"அது தடையா?"

"அதைத்தான் விசாரிக்கணும்."

கமிட்டியில் இருந்த பழைய பட்டாளத்துக்காரர் இடையில் புகுந்தார். அது தெலுங்கு இல்லை, சுத்தமான இந்தி, என் காதால் கேட்டேன் என்றார். கோலாரில் வேலை பார்த்துவிட்டு வந்த நர்ஸம்மா, இந்தியும் இல்லை, கன்னடம் என்றார். வாத்தியார் விடவில்லை. மூன்று பேரும் அவரவர் பாஷைக்குச் சத்தியம் செய்ய ஆரம்பித்தார்கள். மனைவி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே வாயை மூடு என்றாள். வியாதி என்று ஒரு வார்த்தை சொன்னால் தடை போய்விடும், கூடவே கல்யாணமும் போய்விடும்.

அப்போதுதான் பையனின் அம்மா உள்ளே வந்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

"ஐயா, உங்களுக்குப் புரியலியா? தெலுங்குக்காரரு தெலுங்குல கேட்டாரு. இந்தி தெரிஞ்சவரு இந்தில கேட்டாரு. இந்தம்மா கன்னடத்துல கேட்டாங்க. பெந்தெகொஸ்தே நாள்ல அவங்கவங்க பாஷைல காதுல விழுந்துச்சுன்னு வேதத்துல இருக்குதே, அது இன்னிக்கு சித்தூர்ல நடந்துகினு இருக்குது. எத்தினி பேருன்னு கர்த்தர் கேக்கறாரு. எத்தினி பேரு ஆயத்தமா இருக்கீங்கன்னு கேக்கறாரு."

வாத்தியார் பேனாவை மூடினார். தடை என்றால் பதிவு, விசாரணை, நோட்டீஸ், மேலிடத்துக்குக் கடிதம். ஆவியானவர் என்றால் மினிட்ஸ் தேவையில்லை. கமிட்டி ஒருமனதாக ஆவியானவர் பக்கம் சாய்ந்தது. வியாதி என்ற மூன்றாவது வழியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சோடாவைக் குடித்து முடித்தேன்.

சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படிப்பட்ட வீட்ல பொண்ணு எடுக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும் அண்ணே" என்றார். மனைவி அழுதாள். நிம்மதியில் அழுகிறாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

லாட்ஜில் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் சபைக்காரர்கள். பிறகு, சம்பந்தியம்மா வாட்ஸ்அப்பில் சாட்சி போட்டதால் திருப்பதி, ரேணிகுண்டா ஆட்கள். மகன் விசா, மருமகள் டிரான்ஸ்ஃபர், நிலத்துக்குப் பட்டா என்று ஆளுக்கொரு விண்ணப்பம். நான் தலையில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். உள்ளுக்குள் ஒன்றும் ஓடாது. இருபத்திரண்டு வருடமாக மேஜைக்குப் பின்னால் நின்றவனை ஊரே வந்து நாற்காலியில் உட்கார வைத்து, தான் நிற்கிறது. சொல்ல வெட்கம்தான், ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாம் நாள் குரலைக்கூடக் கொஞ்சம் தாழ்த்திப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

மாத்திரை டப்பா புளி ஜாடிக்குப் பின்னால் போய்விட்டது. காலையும் மாலையும் மனைவி சமையலறைக் கதவை ஒருக்களித்துவிட்டுக் கையில் கொடுப்பாள், நான் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு முன்னறைக்கு வந்து ஜெபத்தைத் தொடர்வேன். ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. மறுபடி வந்துவிடக் கூடாதே என்ற பயம். சம்பந்தியம்மாவோ மறுபடி எப்போது வரும் என்று தினமும் போன் செய்து கேட்டார். "இறங்கும்போது இறங்கும்" என்று மனைவி பதில் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

இரண்டாவது ஞாயிறு எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஓலை வாசித்துவிட்டுக் குருவானவர் நிறுத்தியபோது சபை முழுவதும் தடை எதையும் எதிர்பார்க்காமல் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அசையவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான் அவர்களுக்கு. பக்கத்தில் மகள் மடியில் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. கல்யாணப் பெண், கவலை இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை சம்பந்தியம்மா நாயுடுபேட்டையிலிருந்து ஒரு தாயையும் மகளையும் அழைத்து வந்தார். உபவாச ஜெபத்தில் பழக்கமாம். பெண்ணுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதிருக்கும். மோவாயில் புதுக்காயம், உதடு வீங்கியிருந்தது. தாய் தெலுங்குக்காரி. என் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் கேட்கவில்லை.

பெண்ணுக்கு நான்கு வருடமாக ஃபிட்ஸ் என்றாள். எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. காயம் எப்படி என்று கேட்டேன். நேற்று பஸ் ஸ்டாண்டில் விழுந்துவிட்டாள், இரண்டு தடவை வந்தது, இதுவரை ஒரே நாளில் இரண்டு தடவை வந்ததில்லை என்றாள்.

"மாத்திரை கொடுக்கிறீர்களா?" என்று தெலுங்கில் கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பற்றிச் சொன்னார்கள் ஐயா. அன்றைக்கே நிறுத்திவிட்டோம். மாத்திரையையும் வைத்துக்கொண்டு விசுவாசமும் என்றால் அது விசுவாசமா?" என்றாள் அந்தத் தாய். பெருமையாகத்தான் சொன்னாள்.

சம்பந்தியம்மா ஆமென் என்றார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா எனக்கு வருடா வருடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்து நிற்காமல் போய் உயிருக்கே ஆபத்து என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கை வைப்பேன் என்று தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துக் கொடுத்தாள்.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். புளி ஜாடிக்குப் பின்னால் கையை விட்டு டப்பாவை எடுத்தேன். மனைவி புரிந்துகொண்டு வழி மறித்தாள். "வேணாங்க. நாளன்னிக்கி கழிச்சி மூணாவது ஓலை. பொண்ணை நெனச்சிப் பாருங்க" என்றாள். எந்தப் பொண்ணை என்று நான் கேட்கவில்லை. அவளைத் தாண்டி முன்னறைக்கு வந்து டப்பாவைத் திறந்து வைத்தேன். எனக்கும் ஃபிட்ஸ்தான், பதினோரு வருடமாகச் சாப்பிடுகிறேன், அன்று கோவிலில் வந்தது வலிப்பு, நான் பேசியது லாட்ஜில் தினமும் கேட்கிற கேள்வி என்று தெலுங்கில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் சொன்னேன்.

யாரும் நம்பவில்லை.

சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்ளோ தாழ்மை பாருங்க. எல்லாத்தையும் தன்மேல போட்டுக்கறாரு" என்று அந்தத் தாயிடம் சொன்னார். தாய் என் காலைத் தொடக் குனிந்தாள். லாட்ஜ் மேஜையில் பொய்யை எழுதிப் பழகிய எனக்கு, உண்மையைச் சொல்லியும் யாரும் நம்பாமல் போனது அன்றுதான் முதல் தடவை.

மனைவியின் போனைக் கேட்டேன். அவள் தரவில்லை. மகள் சமையலறை வாசலில் இருந்து வந்து அம்மா கையிலிருந்து போனை வாங்கி, வீடியோவைத் தேடி, என்னிடம் கொடுக்காமல் நேராக அந்தத் தாயின் முன் பிடித்தாள். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். நானும் அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன்.

எங்கள் சமையலறை. குக்கர் கொதிக்கிற சத்தம். பனியனோடு நான் நிற்கிறேன். வாய் மெல்லுகிறது, ஓரத்தில் எச்சில் வழிகிறது, வலது கை வயிற்றின்மேல் எழுதிக்கொண்டே இருக்கிறது. முகத்தில் பக்தர்களுக்கென்று நான் வைத்திருக்கிற அந்தச் சிரிப்பு. "கூர்ச்சோண்டி மேடம். எந்த மந்தி?" என்கிறேன். மறுபடி, "எந்த மந்தி?" போனைப் பிடித்திருக்கிற மனைவியின் குரல் நடுங்குகிறது: "ரெண்டு பேருதாங்க. நீங்களும் நானும்." நான் அதையும் எழுதிக்கொள்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவில்லை.

அந்தத் தாய் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மகள் விழுவதற்கு முன்னால் அவள் கையும் இப்படித்தான் பாவாடையைப் பிடித்துப் பிடித்து விடும் என்றாள். அதற்குப் பிறகு அவள் விசுவாசத்தைப் பற்றிப் பேசவில்லை. என் டப்பாவை எடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டாள். இது என் மாத்திரை, உன் பெண்ணுக்கு உன் டாக்டர் கொடுத்ததைத்தான் கொடுக்க வேண்டும், ஆனால் இன்றைக்கே போக வேண்டும் என்றேன். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். உடனே கூட்டி வரச் சொன்னார். மனைவியே அவர்களோடு திருப்பதி பஸ் ஏறினாள். சாயங்காலம் பெண்ணுக்கு மருந்து ஏறிவிட்டது என்று போன் வந்தது.

சம்பந்தியம்மா டீயைத் தொடவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "இவ்ளோ பெரிய விசயத்தை மறைச்சிட்டீங்களே அண்ணே" என்றார். அதில் நான் தப்பு சொல்ல முடியாது.

சனிக்கிழமை குருவானவர் போன் செய்தார். பையன் வீட்டார் மூன்றாவது ஓலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். செயலாளருக்கு மினிட்ஸில் ஏற்ற ஒரு வழியாக விஷயம் கிடைத்தது. நான் லாட்ஜ் முதலாளிக்குத் திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவைத்தேன். மனசு கனத்திருந்தாலும் ஓரத்தில் ஒரு பெருமை இருந்தது. கல்யாணமே நின்றாலும் உண்மையைச் சொன்னவன், ஒரு பெண்ணைக் காப்பாற்றியவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு எப்போதும் போல ஆலயத்துக்குப் போனோம். முன்வரிசையில் வேறு யாரோ இருந்தார்கள். பழைய இடத்தில் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். குருவானவர் அறிவிப்புகளை வாசித்தார். பெண்கள் ஐக்கியக் கூட்டம், அறுப்பின் பண்டிகை ஏலம். ஓலை இல்லை. அந்த இடத்தில் நிறுத்தவும் இல்லை.

மகளின் காதோரம் குனிந்து, "என்மேல கோவமாம்மா?" என்று கேட்டேன்.

"கோவந்தான் நைனா."

"கல்யாணம் நின்னுபோச்சேன்னா?"

"அதுக்கு இல்ல." அவள் பீடத்தைப் பார்த்தபடியே, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். "அந்தப் பொண்ணு உன்னை நம்பி நாலு நாளா மாத்திரை துன்னல. அந்த நாலு நாளும் நீ துன்னுகினுதான இருந்த."

குருவானவர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள். மகளும் எழுந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். எனக்கு எழுந்து நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.